ஐந்து குழந்தைகளில் தொடங்கிய பள்ளி



தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி என்றொரு ஊர். அங்குள்ள அமர் சேவா சங்கத்தின் கதை ஓமலூரில் இருக்கும் நமக்கும் பாடம்தான்.

1975-ல் இராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் பெங்களூர் போனார். உடல்திறன் சோதனையின்போது விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது.

1981-ஐ ஐ.நா. சபை சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்திருந்தது. அந்த வருடம்தான் அவர் சொந்த ஊரில், ஓலைக் கொட்டகையில், ஐந்து குழந்தைகளுடன் பள்ளி தொடங்கினார். தனக்குச் சிகிச்சை தந்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே சங்கத்துக்கு வைத்தார். தசைச் சிதைவு நோயோடு வாழும் ஆடிட்டர் சங்கரராமன் பின்னர் துணைக்கு வந்தார்.

படித்துவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் என்ன பயன்? அதனால் தையல், கம்ப்யூட்டர் என்று தொழிற்பயிற்சி வந்தது. நடமாட முடியாதவர் பயிற்சிக்கு எப்படி வருவார்? அதனால் காலிப்பர் செய்யும் பட்டறையும் வந்தது. 2020-ல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலையில் 4 சதவீதம் ஒதுக்குகிறது. ஆனால் வாசற்படி தாண்ட முடியாதவருக்கு அந்த ஒதுக்கீடு எட்டாது.

உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருக்கிறாரா? அடுத்த கூட்டத்துக்கு அவரை அழைத்து வாருங்கள். என்ன வேலை கற்க ஆசை என்று அவரிடமே கேட்போம். அதற்குமுன், கூட்டம் நடக்கும் இடத்தின் படியோரம் ஒரு சாய்வுப் பாதை போட்டுவிடுவோம்.