கல்வட்டமும் ஒரு சமன்பாடும்

சித்தன்னவாசல் என்றதும் நமக்கு நினைவு வருவது சமணக் குகையும் ஓவியமும்தான். அதே வட்டாரத்தில் இருக்கும் கல்வட்டங்களை நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருப்போம்? அவை பெருங்கற்கால மக்களின் ஈமச்சின்னங்கள். இறந்தவரை அடக்கம் செய்த இடத்தைச் சுற்றிக் கற்களை வைத்தார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலான சங்கதி.

வட்டம் போட ஒரு முளையும் கயிறும் போதும். கயிற்றின் நுனி தொடுகிற இடமெல்லாம் வட்டத்தின் மேல்தான். கி.மு. 300 வாக்கில் யூக்ளிட் எழுதிய இலக்கணமும் இதுவே. ஆனால் இன்று அளக்கப் போகிற நாம் நடுவில் முளை அடிக்க முடியாது. அங்கே இருப்பது ஈமக்குழி. மையம் எது என்றும் தெரியாது.

இங்கேதான் 1637-இல் வெளிவந்த டெக்கார்ட்டின் வடிவியல் நூல் கைகொடுக்கிறது. வடிவத்தை எண்களாக எழுதிவிட்டால், நடுவில் கால் வைக்காமலே சோதிக்கலாம்.

ஓர் உதாரணக் கணக்கு. முதல் கல் (0, 0). இரண்டாவது, 6 மீட்டர் கிழக்கே: (6, 0). மூன்றாவது, முதல் கல்லுக்கு 8 மீட்டர் வடக்கே: (0, 8). மூன்று புள்ளிகள் ஒரே வட்டத்தைத்தான் தரும். இதில் மையம் (3, 4), ஆரம் 5. நான்காவது கல் (7, 1) என்றால், மையத்திலிருந்து 4 கிழக்கே, 3 தெற்கே. 4² + 3² = 25 = 5². வட்டத்தின் மேல்தான் இருக்கிறது! ஐந்தாவது (6, 9) என்றால் 3² + 5² = 34. இது சுமார் 83 சென்டிமீட்டர் வெளியே.

அப்படியானால் அந்தக் கல் நகர்ந்துவிட்டதா? அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. ஆக்ஸ்போர்டு பொறியியல் பேராசிரியர் அலெக்சாண்டர் தாம், பிரிட்டனின் கல்வட்டங்களை ஆண்டுக்கணக்கில் அளந்து 1967-இல் நூலாக்கினார். பல வட்டங்கள் ஒருபுறம் தட்டையாக, முட்டை வடிவாகவே அமைக்கப்பட்டவை என்பது அவர் முடிவு. கல்லுக்குப் பருமனும் உண்டே! தாளில் விடை சரியாக 25 வரும். தரையில் சற்று முன்னே பின்னே இருக்கும்.

ஆனால் ஒன்று. இன்றைய அளவு கையில் இருந்தால்தான், உழவிலோ கல் உடைப்பிலோ நாளை ஒரு கல் நகர்ந்தால் கண்டுபிடிக்க முடியும். கணிதம் படிக்கிற தம்பி தங்கைகளே, வரலாற்றுத் துறை நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு, தொல்லியல் துறையின் அனுமதியோடு ஒரு வட்டத்தையாவது அளந்து குறித்து வையுங்கள். டேப் பிடிக்க, பழைய மாணவர்கள் நாங்கள் ஓடி வருகிறோம்!