ஓடிப்போனால் மறியல்

மலையக வரலாறு படிப்பிக்கும்போது ஏதாவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "சேர், அவ்வளவு கஷ்டமென்றால் ஏன் ஓடிப்போகல்ல?"

நல்ல கேள்வி. ஓடினார்கள் என்பதுதான் பதில். இரவில் பிள்ளைகுட்டியோடு லயத்தைக் காலிசெய்து போனார்கள். அதைக் குற்றமாக்கும் சட்டமும் இருந்தது.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அப்போது கோப்பிக் காலம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டதே 1867இல்தான். அனுமதியில்லாமல் வேலையை விட்டுப் போனால் மூன்று மாதம் வரை கடூழிய மறியல், தண்டப்பணம், வரவேண்டிய சம்பளமும் போய்விடும். இரண்டு வியாபாரிகளுக்கிடையில் வாக்குத் தவறினால் அது சிவில் வழக்கு. தோட்டத் தொழிலாளி தவறினால் பிடியாணை! எழுதிய ஒப்பந்தம்கூட வேண்டியதில்லை. வாய்ப்பேச்சே போதும், முன்னறிவித்தல் கொடுக்காவிட்டால் அது மாதாமாதம் தானாக நீளும்.

சம்பளம் கொடுக்காத முதலாளிக்கும் தண்டனை உண்டு என்று ஏட்டில் இருந்தது. ஆனால் எழுத்தறியாத ஒரு மனிதர் மலையிறங்கி நீதிமன்றம் போய்த் துரைமீது வழக்குப் போடுவதை நினைத்துப் பாருங்கள். 1889இல் வந்த "சீர்திருத்தம்" என்ன தெரியுமா? மாதம் முடிந்து 60 நாட்களுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டுமாம்!

அதே 1865இல் வந்ததுதான் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம். அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

பொலிஸை விட இறுக்கமான கயிறு ஒன்றும் இருந்தது: துண்டு. ஊரிலிருந்து கூட்டிவந்த செலவு, முன்பணம், அரிசி எல்லாம் கங்காணியின் கணக்கில் கடனாக ஏறும். இந்தக் கடனைக் கட்டினால் இவர்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் கடதாசிதான் துண்டு. அது இல்லாமல் வேறு தோட்டத்தில் பெயர் பதிய முடியாது. வேடிக்கை என்னவென்றால், ஆள் தட்டுப்பாடு வந்தால் பக்கத்துத் தோட்டத்துத் துரைமாரே ஆளிழுத்தார்கள். அடுத்தவர் ஆளை ஆசைகாட்டிக் கூப்பிடுவதும் அதே சட்டத்தில் குற்றம். ஆனால் மறியலுக்குப் போனவர்கள் பெரும்பாலும் யார் என்று சொல்லவா வேண்டும்?

சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலச் சங்கத்தைத் தொடங்கி இந்தத் தண்டனைகளுக்கு எதிராகக் குரல் கொடுத்தார். இந்தியாவிலிருந்தும் நெருக்குதல் வந்தது. 1921இல் துண்டு ஒழிக்கப்பட்டது. ஓடியதற்கு மறியல் என்பதும் அந்தக் காலத்தோடு போனது. கடனும் கங்காணியும் அப்படியே இருந்தார்கள். கோ. நடேசய்யர் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஆரம்பிக்க இன்னும் பத்து வருடம் இருந்தது.