ஈரலில் கட்டி என்றால் புற்றுநோய்தானா?

வேறு ஏதோ வருத்தத்துக்காக ஸ்கான் எடுத்தவரின் அறிக்கையில் 'ஈரலில் கட்டி' என்று ஒரு வரி இருந்தால் போதும், வீடே இடிந்துபோய்விடும். ஆனால் வேறு நோயில்லாத ஒருவரிடம் தற்செயலாகத் தென்படும் ஈரல் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல.

அவற்றுள் முதலிடம் ஹெமாஞ்சியோமா எனப்படும் இரத்தக்குழாய்க் கட்டிக்கு. பெண்களிடம் கூடுதலாகக் காணப்படும் இதற்குப் பெரும்பாலும் சிகிச்சையே தேவையில்லை. மருந்தேற்றி எடுக்கும் சீ.ரீ. ஸ்கானில் இது ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்ல நிறையும். ஈரலில் தொடங்கும் புற்றுநோயோ பொதுவாகச் சட்டென ஒளிர்ந்து, சற்று நேரத்தில் மங்கும். சிறிய இரத்தக்குழாய்க் கட்டிகள் சிலவும் சட்டென ஒளிர்வதால்தான் குழப்பம்; அப்போது எம்.ஆர்.ஐ. கைகொடுக்கும். ஊசி குத்திச் சதை எடுப்பதில் இரத்தக்கசிவு அபாயம் உண்டு என்பதால், வைத்தியர்கள் முதலில் படங்களையே நம்புகிறார்கள். கருத்தடை மாத்திரையோடு தொடர்புடைய அடினோமா மட்டும் வேறு சாதி: 5 செ.மீ.க்கு மேல் வளர்ந்தால் இரத்தம் கசியலாம், அரிதாகப் புற்றாகவும் மாறலாம்.

யாழ்ப்பாணத்தில் இன்னொன்றையும் மறக்கக்கூடாது: அமீபா கிருமியால் வரும் ஈரல் சீழ்க்கட்டி. யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் ஆராய்ந்த நோயாளிகளில் அநேகமாக எல்லோரும் கள்ளு அருந்தும் ஆண்கள். காய்ச்சலும் வலப்பக்க விலாவுக்குக் கீழே நோவும் இருக்கும். மெட்ரோனிடசோல் கொடுத்தால் சில நாட்களில் காய்ச்சல் இறங்கிவிடும். ஆனால் ஸ்கானில் அந்தக் குழி மாதக்கணக்கில் தெரியும். பழைய கதை தெரியாத இன்னொரு வைத்தியர் அதைப் பார்த்தால் மறுபடியும் 'கட்டி' என்ற பீதிதான். தவறணைக்குப் போவதை வைத்தியரிடம் மறைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஹெபடைடிஸ் பி தொற்று, ஈரல் சுருக்கம், முன்னர் ஏதாவது புற்றுநோய் இருந்தவர்களுக்குக் கணக்கே வேறு. அவர்களது ஈரலில் புதிதாகத் தெரியும் எதையும் சாதாரணமாக எடுக்க முடியாது. ஏ.எஃப்.பி. இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் புற்றில்லை என்று அடித்துச் சொல்ல இயலாது.

நெடுந்தீவிலிருந்தோ நயினாதீவிலிருந்தோ வருபவர் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, பிறகு பஸ் பிடித்தே யாழ். போதனா வைத்தியசாலைக்கு வரவேண்டும். பழைய ஸ்கான் படங்களை, வெறும் அறிக்கையை அல்ல, கையோடு கொண்டுவந்தால் இரண்டாம் பயணமே தேவைப்படாமல் போகலாம். இரண்டு வருடங்களுக்கு முன்னரும் கட்டி இதே அளவில்தான் இருந்தது என்று தெரிவது வைத்தியருக்குப் பெரிய தடயம்.