பாசிக்கும் ஓர் இடம்

கடலின் ஒரு சிறு பகுதியைக் கண்ணாடித் தொட்டிக்குள் வாழவைக்க வேண்டும் என்னும் ஆசை மாந்தருக்கு எழுந்து நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. அவ்வாசையின் வரலாறு, தூய்மை எது என்னும் வினாவின் வரலாறும் ஆகும். தெளிந்த நீரே நல்ல நீர் எனக் கொண்டு பாசியை முற்றும் களைந்தோர், தாம் விரும்பி வளர்த்த உயிர்களைப் பலகால் இழந்தனர். பாசிக்கும் ஓர் இடம் வேண்டும் என உணர்ந்தோர் பவளத்தை வாழவைத்தனர். இன்று பவளத்தொட்டி வளர்ப்போர் ‘ரெஃபியூஜியம்’ என வழங்கும் சிறு துணைத்தொட்டி அவ்வுணர்வின் விளைவே. புகலிடம் என்பது அச்சொல்லின் பொருள். பனியூழிக் காலத்தில் உயிரினங்கள் ஒதுங்கிப் பிழைத்த இடங்களையும் அறிஞர் இச்சொல்லாலேயே குறிப்பர்.

1846ஆம் ஆண்டில் அன்னா தின் என்னும் ஆங்கில அம்மையார், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள டார்க்கீயிலிருந்து கற்பவள உயிர்கள் சிலவற்றை இலண்டனுக்குக் கொண்டுவந்தார். கடலோ தொலைவில் இருந்தது. நாள்தோறும் புதுநீர் பெற வழியில்லை. ஆதலின், பழைய நீரையே ஒரு கலத்திலிருந்து மற்றொரு கலத்திற்கு மாறிமாறி ஊற்றிக் காற்றேறச் செய்தனர். மறு ஆண்டில் கடற்செடிகளும் கலத்தில் சேர்ந்தன. அவ்வுயிர்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன.

வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850இல் இதற்கான அறிவியல் விளக்கத்தை நன்னீர்த் தொட்டியைக் கொண்டு அளித்தார். பொன்மீனும் நீர்ச்செடியும் மட்டும் இருந்தபோது அழுகிய இலைகளால் நீர் கெட்டது. அவ்விலைகளைத் தின்னும் நத்தைகளை விட்டபின் நீர் தெளிந்தது. மீனின் மூச்சுக்குச் செடி உதவ, செடியின் கழிவை நத்தை உண்ண, மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. 1854இல் ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூலால் ‘அக்வேரியம்’ என்னும் சொல்லும் பரவிற்று.

எனினும் வெப்பமண்டலப் பவளம் நெடுங்காலம் எவர்க்கும் எளிதில் வசப்படவில்லை. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா பிறக்கின்றது. நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டை மீன் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். சத்துக் குறைந்த தெளிகடலில் வாழப் பழகிய பவளமோ பொறாது. கடலிலிருந்து பறித்த பவளம் தொட்டியில் மடிந்தால் இழப்பு வளர்ப்பவருக்கு மட்டுமன்று, கடலுக்கும் ஆகும்.

இதற்கொரு வழியைத் தென்கிழக்காசியாவே முதலிற் காட்டிற்று. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், சிற்றுயிர்கள் குடியிருக்கும் பாறைகளைக் கடலிலிருந்து எடுத்துத் தொட்டியில் அடுக்கி, காற்றுக்குமிழியையும் கதிரவன் ஒளியையும் துணையாகக் கொண்டு பவளத்தை வளர்த்தார். அவரது முறை 1961இல் அமெரிக்க இதழொன்றில் வெளிவந்தது.

அடுத்த படியை எடுத்துவைத்தவர் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்து அறிஞர் வால்ட்டர் ஏடி. 1980இல் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் அவர் அமைத்த பவளப்பாறைத் தொட்டியின் நீர், பாசி படர்ந்த தட்டுகளின் வழியே ஓடிற்று. கழிவிலிருந்த சத்தைப் பாசி உறிஞ்சிற்று. வளர்ந்த பாசியைச் சுரண்டி அகற்ற, கழிவும் உடன் அகன்றது. அவரும் கேரன் லவ்லண்டும் 1991இல் வெளியிட்ட ‘டைனமிக் அக்வேரியா’ என்னும் நூல் இத்தகைய முறைகளை விரித்துரைத்தது. பின்னர் வீட்டுத் தொட்டிகளிலும் புகலிடம் இடம்பெறலாயிற்று.

புகலிடத்தின் இயக்கம் எளியது. பெருந்தொட்டியின் நீர் சிறுதொட்டி வழியே சுற்றி மீள்கின்றது. அங்கே பாசியைத் தின்னும் மீன் இல்லை. ஆதலின் பாசி தடையின்றித் தழைக்கின்றது. அதனிடையே கோபிபாட், ஆம்பிபாட் முதலிய சிற்றுயிர்கள் பெருகி, நீரோட்டத்தோடு பெருந்தொட்டிக்குச் சென்று இரையாகின்றன. இத்தகைய நுண்ணிரையையே பெரிதும் நம்பி வாழும் மாண்டரின் மீன், அது கிட்டாத தொட்டியில் பட்டினியால் மெலிந்து இறப்பதுண்டு. மேலும், இரவில் பெருந்தொட்டியில் ஒளிச்சேர்க்கை நின்று கரியமிலவாயு மிகும். நீரின் காரத்தன்மை சற்றுத் தாழும். அந்நேரத்தில் புகலிடத்து விளக்கை ஏற்றினால், பாசி அவ்வாயுவை ஏற்று அத்தாழ்வைக் குறைக்கும். ஒருபுறம் உறங்க மறுபுறம் உழைக்கும் ஏற்பாடு இது.

ஆயினும் புகலிடத்திற்கும் எல்லை வேண்டும் என்பதை வரலாறு கடுமையாகவே உணர்த்திற்று. அழகுக்காகத் தொட்டிகளில் வளர்க்கப்பட்ட ‘காலெர்ப்பா டாக்சிஃபோலியா’ என்னும் பாசி, 1984இல் மொனாக்கோவை அடுத்த கடலில் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பிற் காணப்பட்டது. பின்னர் அது மத்தியதரைக் கடலில் பரவி ஆயிரக்கணக்கான ஹெக்டேர் கடலடியைப் பற்றிக்கொண்டது. 2000இல் கலிபோர்னியாக் கரையிலும் அது தோன்றியது. அங்கே அதனை விரிப்புகளால் மூடி, உள்ளே குளோரினைச் செலுத்தி அழித்தனர். முற்றும் ஒழிந்ததென 2006இல்தான் அறிவிக்க முடிந்தது. தொட்டியில் துணைவனாய் இருந்ததே கடலிற் பகைவனாயிற்று. இக்காலத்தார் பலர் பின்னிய கம்பிச்சுருள் போன்ற ‘கீட்டோமார்ஃபா’ என்னும் பாசியை விரும்பி வளர்க்கின்றனர். எப்பாசியாயினும், கழித்ததைக் கடலிலோ வாய்க்காலிலோ எறியாமல் உலர்த்தி அகற்றுவதே முறை.

கற்பிப்போரும் கற்போரும் இவ்வரலாற்றிற் காணத்தக்கது ஒன்றுண்டு. பவளத்தின் எழிலைக் காண்போர் தொட்டியின் முன்னே நிற்கின்றனர். அவ்வெழிலைத் தாங்கும் பாசியும் பூச்சியும் பெரும்பாலும் பின்னேயும் கீழேயும் மறைந்துள்ளன. வேண்டாதது என விலக்கிய ஒன்றுக்கு உரிய இடமும் உரிய எல்லையும் வகுத்த அன்றே, கண்ணாடிக்குள் கடல் வாழத் தொடங்கிற்று.