தொடுவானத்தில் ஒரு கோடு

திரேஸ்புரத்துக் கடற்கரை கிழக்கு நோக்கியது. விடியலில் அங்கே புகைப்படக் கருவியோடு நிற்பவருக்குப் பழைய சிக்கல் ஒன்று காத்திருக்கிறது. வானத்தின் ஒளியை அளந்து எடுத்தால் கரையிலுள்ள வள்ளங்கள் கருந்திட்டாகிவிடும். வள்ளங்களுக்கு ஏற்ப எடுத்தால் வானம் வெளுத்துப் போகும். நம் கண் இரண்டையும் ஒருசேரக் காண்கிறது. படச்சுருளுக்கு, அதிலும் ஏறத்தாழ ஐந்து ஸ்டாப் வேறுபாட்டையே தாங்கும் ஸ்லைடு ஃபிலிமுக்கு, அது கைகூடுவதில்லை.

இச்சிக்கல் புகைப்படக்கலையோடு உடன்பிறந்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் திருச்சிராப்பள்ளியையும் படமெடுத்தார். அக்கால எதிர்மறைத் தாள் நீல ஒளியையே மிகுதியாக உணரும். கோபுரம் பதிவதற்குள் வானம் அளவுமீறிப் பதிந்துவிடும். அச்சில் அது வெறும் வெள்ளையாக நிற்கும். டிரைப் தூரிகையை எடுத்தார். எதிர்மறையின் மீதே வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். அவருடைய சில படங்களில் நாம் காணும் மேகங்கள் எந்தக் காற்றும் கொண்டுவந்தவை அல்ல.

பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1856, 57ஆம் ஆண்டுகளில் வேறு வழி கண்டார். கடலை ஓர் எதிர்மறையிலும் வானத்தை மற்றொன்றிலும் எடுத்துத் தொடுவானத்தில் இணைத்து அச்சிட்டார். அமெரிக்காவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் 1869இல், வானத்திற்கு மட்டும் ஒளியைக் குறைத்து விடும் 'வான்மறைப்பு' ஒன்றை விளக்கி எழுதினார். மேற்பாதி சாம்பல் நிறமும் கீழ்ப்பாதி தெளிவுமாக இன்று நாம் லென்ஸின் முன் செருகும் கிராஜுவேட்டட் நியூட்ரல் டென்சிட்டி ஃபில்டர் இந்த எண்ணத்தின் வழித்தோன்றல் எனலாம். திருகிப் பொருத்தும் வட்டக் கண்ணாடியில் கோடு படத்தின் நடுவிலேயே நின்றது. சட்டத்தில் செருகும் சதுர ஃபில்டர் வந்தபின்னரே கோட்டை விரும்பிய இடத்திற்கு ஏற்றி இறக்க முடிந்தது.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. கடலின் தொடுவானம் நேர்கோடு. ஆதலால் விளிம்பு கூர்மையான ஃபில்டர் இங்கே பொருந்தும். வ்யூஃபைண்டரில் நாம் காண்பது லென்ஸ் முழுதும் திறந்த நிலை. அதில் கோடு கலங்கித் தெரியும். எஃப் 16க்குத் திறப்பைச் சுருக்கும்போது அது கூர்மையாகிவிடும். எனவே முன்னோட்ட விசையை அழுத்திக்கொண்டே ஃபில்டரைக் கீழிறக்க வேண்டும். இன்னொன்று: நீரில் தெரியும் வானம் மேலுள்ள வானத்தைவிடச் சற்று மங்கலாகவே இருக்கும். ஒளி வேறுபாடு முழுவதையும் ஈடுகட்டிவிட்டால் கடல் வானத்தினும் ஒளிரும். பார்ப்பவர் மனம் அதை ஏற்காது.

இவையெல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியவை. திரேஸ்புரம் எழுப்பும் வினா வேறு. மன்னார் வளைகுடாவின் இக்கரையில் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றது. சங்குகுளி இன்றும் தொடர்கிறது. விடியலில் இக்கரை வெறிச்சோடிக் கிடப்பதில்லை. மணலில் முழந்தாளிட்டுப் படமெடுக்கும்போது, எதிரே நிற்பவரின் தலை தொடுவானத்திற்கு மேலே எழுகிறது. வானத்தை அடக்க இட்ட சாம்பல் அவர் முகத்தின்மீது படிகிறது. இடுப்புக்குக் கீழே ஒளி, முகத்தில் இருள். வானம் மீண்டது, மனிதர் மறைந்தார்.

டிரைப்பின் படங்களிலும் பெரும்பாலும் ஆள் நடமாட்டம் இல்லை. நெடுநேரம் ஒளி விழவேண்டிய தாளில் நடப்பவர் பதிவதில்லை என்று காரணம் சொல்லலாம். நமக்கு அந்தக் காரணம் இல்லை.

வழி எளியது. சமதரையில் தொடுவானம் எப்போதும் கருவியின் உயரத்திலேயே நிற்கும். கரையேற்றிய வள்ளத்தின் மேலோ பாலத்தின் மேலோ ஏறினால், மணலில் நிற்பவர் முழுமையாகக் கோட்டுக்குக் கீழே வந்துவிடுவார். ஏற இடமில்லையெனில் ஃபில்டரைக் கழற்றிவிடலாம். வானம் வெளுக்கட்டும். மேகத்தைத் தூரிகையாலும் வரைந்துவிட முடியும் என்று டிரைப் காட்டியிருக்கிறார். கடலுக்குப் போகும் ஒருவரின் முகத்தை அப்படி வரைந்து சேர்க்க இயலாது.