சாத்தான் மீன்

நாலு டார்ச் பேட்டரி போட்டால் பாடும் ஒரு வெள்ளி நிற பிளாஸ்டிக் பெட்டி. 1981-ல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி அதைச் சந்தைக்கு அனுப்பியது. பெயர் டி.பி.-303. வடிவமைத்தவர் தடாவோ கிகுமோட்டோ. தனியாக உட்கார்ந்து கிடார் பழகுகிறவருக்குப் பக்கத்தில் பேஸ் கிடார் வாசிக்க ஒரு ஆள் வேண்டுமே? அந்த ஆளுக்குப் பதில் இந்தப் பெட்டி.

நல்ல யோசனைதான். ஆனால், அதிலிருந்து வந்த சத்தம் பேஸ் கிடார் மாதிரி இல்லை. கொஞ்சம்கூட இல்லை. தகர டப்பாவில் மாட்டிக்கொண்ட தவளை மாதிரி கொய்ங் கொய்ங் என்றது. போதாக்குறைக்கு, சுரங்களைத் தனியாகவும் அவற்றின் கால அளவைத் தனியாகவும் பதிய வேண்டும். ஒரு மெட்டு ஏற்றுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். பேட்டரியைக் கழற்றினால் பதிந்ததும் போச்சு. சுமார் 10,000 பெட்டிகளோடு 1984-ல் கடையைக் கட்டினார்கள்.

நடுவில் ஒருவர் அதன் அருமை தெரிந்து வாசித்திருந்தார். பம்பாய் சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகும் வசதி அந்தப் பெட்டியில் உண்டு. ராகம் வாசிக்கிறவருக்கு வேறென்ன வேண்டும்? 1982-ல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்தட்டாகப் போட்டார். அதுவும் போணியாகவில்லை.

அப்புறம் சிகாகோ. பழைய சாமான் விலைக்கு வந்திருந்த ஒரு 303-ஐ வாங்கிய ஃபியூச்சர் குழுவின் இளைஞர்கள், கற்றுக்கொண்டு வாசிக்கவெல்லாம் இல்லை. மெட்டு ஓட ஓடக் குமிழ்களைத் திருகினார்கள். 1987-ல் வெளியான ‘ஆசிட் டிராக்ஸ்’ அப்படிப் பிறந்ததுதான். ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற இசை வகைக்கே பெயர் தந்த தட்டு. குப்பைக்குப் போயிருக்க வேண்டிய பெட்டிக்குத் திடீரென்று கிராக்கி.

இந்த இடத்தில்தான் ராபின் விட்டில் வருகிறார். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன்காரர். 1993-ல் அவர் ஒரு 303-ஐத் திறந்து, சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தார்.

உள்ளே பெரிய மாயம் ஒன்றுமில்லை. சத்தம் பிறப்பிக்க ஒரு சர்க்யூட். அதைச் சல்லடை போட்டுக் கூர்மையைக் குறைக்க ஒரு ஃபில்டர். கடைசியில் ஒரு ஆம்ப்ளிஃபயர். சூட்சுமம் ‘ஆக்சென்ட்’ என்கிற அழுத்தத்தில் இருக்கிறது. அழுத்தம் கொடுத்த சுரம் வரும்போதெல்லாம் ஒரு கெபாசிட்டரில் மின்சாரம் ஏறி, ஃபில்டரை மேலே தூக்கும். அது முழுசாகக் காலியாவதற்குள் அடுத்த அழுத்தம் வந்தால், மிச்சத்தின் மேல் ஏறும். பழைய பாக்கியை அடைக்காமல் புதுக் கடன் வாங்குகிறவன் கணக்கு மாதிரி. அழுத்தங்கள் அடுத்தடுத்து வரும்போது 303 மேலே மேலே ஏறிக் கத்துவது இதனால்தான்.

ஆனால் கம்பெனி இன்ஜினீயர்கள் பல விஷயங்களை உள்ளேயே நிரந்தரமாக முடிந்து வைத்திருந்தார்கள். வழுக்கும் நேரம் இவ்வளவு, அழுத்திய சுரம் அடங்கும் நேரம் இவ்வளவு என்று. பேஸ் கிடாருக்கு அது போதும் என்பது அவர்கள் கணக்கு. விட்டில் அந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். 60 மில்லி விநாடியில் முடிந்துவிடும் வழுக்கலை 360 வரை இழுக்கலாம். அழுத்தம் ஏறி இறங்கும் வேகத்துக்கு ஒரு ஸ்விட்ச். ஃபில்டருக்குள் போகும் சத்தத்தை 66 மடங்கு வரை கூட்டிக் கரகரக்க வைக்க ஒரு குமிழ். வெளியே வரும் சத்தத்தையே திருப்பி விட்டு ஃபில்டரை ஆட்டிவைக்க இன்னொன்று. இந்த வைத்தியத்துக்கு அவர் வைத்த பெயர் ‘டெவில் ஃபிஷ்’. சாத்தான் மீன்!

சும்மா இருப்பார்களா பழம்பொருள் பிரியர்கள்? இருப்பதே பத்தாயிரம். அதில் ஓட்டை போட்டுக் குமிழ் வைப்பதாவது என்பது அவர்கள் ஆதங்கம். நியாயம் இல்லாமல் இல்லை. துளைத்த பிளாஸ்டிக் மறுபடி மூடாது. ஆனால், எனக்கென்னவோ விட்டில் கட்சிதான். அந்தப் பெட்டி புகழ் பெற்றதே கம்பெனி சொன்னபடி யாரும் பயன்படுத்தாததால்தானே? அவர் அதைப் பேஸ் கிடாராக ஆக்கப் பார்க்கவில்லை. தவளையை இன்னும் உரக்கக் கத்தவிட்டார். சாதுவாக வேண்டுமா, குமிழ்களைப் பழைய அளவுக்குத் திருப்பினால் பழைய 303 வந்துவிடும்.

சரண்ஜித் சிங்கின் தட்டு 2010-ல் மறுபடி வெளிவந்து, ஆசிட் ஹவுஸுக்கு முன்னோடி இவர்தான் என்று உலகமே வியந்தது. 2015-ல் காலமானார். ரோலண்ட் கம்பெனி 2014-லும் 2016-லும் தன் பழைய பெட்டிக்கு டிஜிட்டல் வாரிசுகளை விட்டது. 2019-ல் பெரிங்கர் கம்பெனி மலிவு விலையில் ஒரு நகலைக் கொண்டுவந்தது. பின்னால் வந்த அதன் இன்னொரு மாடலில், விட்டில் கையால் சேர்த்தவற்றைப் போன்ற குமிழ்கள் ஃபேக்டரியிலேயே பொருத்தப்பட்டு வந்தன. ஓட்டை போடும் வேலை மிச்சம்.