படிமப் பண்பின் இயல்பிருப்பு மதிப்பு

படிமப் பண்பின் இயல்பிருப்பு மதிப்பு என்பது, டாட் நெட் சட்டகத்தில் (2002) நிரலர் உருவாக்கும் பயனர் கட்டுப்பாடு ஒன்றில், வேறு படிமம் தரப்படாதபோது காட்டப்படும் படிமம் ஆகும்.

விண்டோஸ் ஃபார்ம்ஸில் எண், சரம் போன்ற பண்புகளுக்கு இம்மதிப்பை டிஃபால்ட்வேல்யூ என்னும் பண்புக்கூறு குறிக்கிறது. நிரல் தொகுக்கப்படும்போதே அறியப்படும் மதிப்புகளையே அது ஏற்கும். இயக்கநேரத்தில் உருவாகும் படிமத்தை அதில் தர இயலாது. மேலும் அது தொடக்க மதிப்பை இடுவதில்லை. வடிவமைப்பிக்கு அறிவிக்க மட்டுமே செய்கிறது.

எனவே கட்டுப்பாட்டின் வளக்கோப்பிலுள்ள படிமம், ஆக்கியில் தொடக்க மதிப்பாக இடப்படுகிறது. அத்துடன் பண்பின் பெயருக்கு முன் ஷுட்சீரியலைஸ், ரீசெட் எனும் முன்னொட்டுகளைக் கொண்ட இரு செயற்கூறுகள் எழுதப்படுகின்றன. முன்னது மதிப்பைச் சேமிக்க வேண்டுமா எனக் கூறும். பின்னது இயல்பிருப்புக்கு மீட்கும்.

இவை இல்லாவிடில், கட்டுப்பாடு இடம்பெறும் ஒவ்வொரு படிவத்தின் வளக்கோப்பிலும் அப்படிமம் படியெடுக்கப்படும். பின்னர் மூலப்படிமத்தை மாற்றினாலும் அப்படிவங்களில் பழையதே தோன்றும்.